கோணமலைக்கு மேல் கருமுகில்: படத்தில் மட்டும் ஏன் சாம்பல்?

உப்புக்காற்று கேட்டது:

கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, திருகோணமலையின் டச்சுக் குடாக் கரையில் நின்று, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையை (கோணமலையை) நோக்கிப் படமெடுத்தேன். முதுகுப்புறம் வெயில் சாய்ந்துகொண்டிருக்க, எதிரே கடலுக்கு மேல் மழைமுகில் கருநீலமாகத் திரண்டு நின்றது. அதன் மேல்விளிம்பு மட்டும் துலக்கிய வெண்கலமாய் மின்னியது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், முகில் அடுப்புச் சாம்பலாக வெளுத்துக் கிடக்கிறது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியை 60 வரையும் மங்கலை நீக்கும் டீஹேஸை 50 வரையும் ஏற்றினேன். முகிலுக்குத் திரட்சி வந்தது உண்மைதான். ஆனால் மலையின் விளிம்பு நெடுக வெள்ளை நூல் ஒட்டினாற்போல ஓர் ஒளிக்கோடு விழுந்துவிட்டது, கடலும் சாயத்தொட்டி போலாகிவிட்டது. கமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பு கைவசம் உண்டு. எங்கே பிழைவிட்டேன்?

கொட்டியாரத்தான் எழுதியது:

பிழை கரையிலேயே தொடங்கிவிட்டது. கமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே காட்ட முனையும். ஆகையால் கருமுகில் படத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது அதை வலிந்து வெளிச்சமாக்கிவிடும். எனவே கிளாரிட்டியைத் தொடுமுன், படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டொப்பிலிருந்து ஒரு ஸ்டொப் வரை இறக்குங்கள் (ஒரு ஸ்டொப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்); கேட்ட கருமையில் பாதி அதிலேயே வந்துவிடும். வெண்கல விளிம்பு வெளிச்சம் மிஞ்சி எரிந்துபோயிருக்கிறதா என்பதை, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் பாருங்கள். எக்ஸ்போஷரை இறக்கிய பின்னும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அங்கே முட்டி நின்றால் அந்தத் துண்டை எவராலும் மீட்க இயலாது. ரோ கோப்பு இருப்பது பெரும் ஆறுதல்: 14 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256 மட்டுமே. ஜேபெக்கை இவ்வளவு இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும்.

ஒளிக்கோட்டுக்குக் காரணம், கிளாரிட்டியை முழுப் படத்துக்கும் கொடுத்தது. இருண்ட மரங்களும் வெளிறிய வானமும் சந்திக்கும் விளிம்பில் அது ஒரு பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, மறுபக்கத்தை இன்னும் வெளுப்பாக்குகிறது. வானத்தை மட்டும் மாஸ்க் செய்து (தனியே தெரிவுசெய்து), அதற்குக் கொடுக்கும் கிளாரிட்டியில் 20க்கு மேல் போகாதீர்கள். பிறகு படத்தை 100 சதவீதத்துக்குப் பெருப்பித்து, மலை விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். டீஹேஸ் நிறச்செறிவையும் சேர்த்தே ஏற்றிவிடும். ஆகவே சச்சுரேஷனைப் பத்து அளவுக்குக் குறைத்தால் சாயத்தொட்டி கடலாகும்.

நிலாவெளிக்காரி எழுதியது:

அண்ணா சொன்னவற்றோடு ஒன்று. வானத்தை மட்டும் இருட்டாக்கிக் கடலை அப்படியே விட்டால், இரண்டு நாட்களின் படங்களை வெட்டி ஒட்டியது போலிருக்கும். கடல் வானத்தின் நிறத்தை வாங்கித்தான் நிற்கிறது. வானத்துக்கு இறக்கியதில் பாதியையேனும் கடலுக்கும் இறக்க வேண்டும். நிறச்சாயலைச் சமன்செய்யும் வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்திருந்தால் மாலைவெயிலின் மஞ்சளை அது கழுவியிருக்கும். 5500 கெல்வினில் வைத்துப் பாருங்கள். அடுத்தமுறை லென்ஸில் போலரைசர் வடிகட்டியை மாட்டிக்கொண்டு போனால் இந்தப் பாடே இராது என்று நினைக்கிறேன்.

கொட்டியாரத்தான் எழுதியது:

கடலைப் பற்றிச் சொன்னது மிகச் சரி, தங்கச்சி. போலரைசர் விடயத்தில்தான் உடன்பட முடியவில்லை. அது சூரியனுக்கு 90 பாகைக் கோணத்தில் உள்ள நீலவானத்தையே நன்றாகக் கருமையாக்கும். வெயில் மேற்கே சாயும்போது அந்தப் பகுதி வடக்கிலும் தெற்கிலும் உச்சியிலும் அமையும். டச்சுக் குடாவிலிருந்து சுவாமி மலை வடகிழக்கில் இருப்பதால் பலன் சொற்பம். திரண்ட மழைமுகிலில் அதுவும் கிடையாது. அதைவிட, அதே இடத்தில் ஒரு ஸ்டொப் குறைத்து இன்னொரு படம் எடுத்து வைத்திருப்பது காசில்லாத காப்புறுதி.

உப்புக்காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. எக்ஸ்போஷரை 0.8 இறக்கி, கிளாரிட்டியை வானத்துக்கு மட்டும் 18 கொடுத்து, கடலை 0.4 இறக்கினேன். வெள்ளை நூல் மறைந்தது. வெண்கல விளிம்பில் நகக்கண் அளவான துண்டு ஒன்று மட்டும் எரிந்தே கிடக்கிறது, அதை விட்டுவிட்டேன். முகிலுக்குள் பறந்த நான்கு காகங்களைப் பெருப்பித்துப் பார்த்தபோது மூன்று சென்சரில் ஒட்டிய தூசியாக இருந்தன. அவற்றை ஹீல் கருவியால் அழித்தாயிற்று; நான்காவது உண்மையாகவே காகம்தான்.