வெளிநாட்டு வகுப்பில் காதும் நாக்கும் பழகியது எப்படி? அனுபவம் பகிருங்கள்

கிளாஸ்கோ, சிவில் முதுகலை:

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதியில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு வருகிற நம் பிள்ளைகள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அங்கே எல்லாம் புரிந்ததே, வகுப்பில் ஏன் பிடிபடவில்லை?” ஆங்கிலம் போதவில்லை என்று அவர்களாகவே முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். குறை ஆங்கிலத்தில் இல்லை.

அந்தத் தேர்வில் சுமார் 30 நிமிடம் கேட்டு 40 கேள்விக்குப் பதில் எழுதுகிறோம். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். ஆனால் கேள்விகள் கண் முன்னால் இருக்கின்றன. எதைத் தேட வேண்டும் என்று அவையே சொல்லிவிடும். வகுப்பில் பேராசிரியர் 50 நிமிடம் பேசுகிறார், கேள்வித்தாள் கிடையாது. எது சாரம், எது பேச்சோடு பேச்சாக வந்தது என்று நாமே பிரிக்க வேண்டும்.

இதை நான் புரிந்துகொண்டது பக்கத்து இருக்கைப் பையனைப் பார்த்து. ஆற்று நீரோட்டம் பற்றிய வகுப்பு. ஆற்றில், கால்வாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சமன்பாட்டைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் தலை நிமிராமல் எழுதுகிறோம். அந்த ஸ்காட்லாந்துப் பையன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறான். பேராசிரியர் “ஹேவிங் செட் தட்” (அப்படிச் சொன்னாலும்) என்றார். உடனே அவன் பேனாவை எடுத்தான். அதற்குப் பிறகு வந்ததுதான் விஷயமே: செங்குத்தாக இறங்கும், பாறைகள் நிறைந்த மலை ஓடைகளுக்கு இந்தச் சமன்பாடு சரிப்பட்டு வராது, ஏன் வராது என்பது. சமன்பாடு புத்தகத்திலேயே இருக்கிறது. அவருடைய கருத்து அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் காது கொடுப்பது திருப்பங்களுக்கு. “த பாயின்ட் ஹியர் இஸ்”, “கமிங் பேக் டு”, “வாட் திஸ் மீன்ஸ் இஸ்” மாதிரி. “பை த வே” என்றால் கை ஓய்வெடுக்கலாம். அப்புறம், கேள்வித்தாளையும் நானே தயாரித்துக்கொள்கிறேன். முந்தின நாளே மூடுல் என்ற பாட இணையதளத்தில் ஸ்லைடு வந்துவிடும். அதைப் புரட்டி நாலைந்து கேள்வி எழுதிக்கொண்டு போவேன். நோட்டுப் பக்கத்தில் இடது ஓரமாக ஒரு பத்தியை ஒதுக்கி, அதில் கேள்விகள், வலப்பக்கம் குறிப்புகள், அடியில் இரண்டு வரிச் சுருக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் வகுத்த முறை இது. அவர் கேள்விகளை வகுப்பு முடிந்த பிறகு எழுதச் சொன்னார். நம்மைப் போன்றவர்களுக்கு முன்கூட்டி எழுதுவதுதான் உதவுகிறது என்பது என் கட்சி.

வகுப்புப் பதிவை முழுவதும் திரும்பக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாரத்துக்கு எட்டு வகுப்பு இருந்தால் அதற்கே நேரம் போய்விடும். விட்டுப்போன இடத்தில் மணியைக் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் முதலில் வசன வரி இல்லாமல், பிறகு வசன வரியோடு கேளுங்கள். ஊர் வழக்குக்குத் தனியாகப் பயப்பட வேண்டாம். “ஹாஃப் டூ” என்றால் இரண்டரை மணி. இதெல்லாம் தானாகப் படிந்துவிடும்.

ஆஹன், ஜெர்மனி:

எனக்கு வகுப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் குழுவில் ஒரு சீனர், ஒரு ஈரானியர், ஒரு துருக்கியர், நான். தேர்வுக்குப் பழகிய பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இங்கே ஒருவரிடமும் இல்லை. கூட்டம் முடிந்து போகும்போது நாலு பேரும் தலையாட்டிவிட்டுப் போவோம், அடுத்த வாரம் நாலு பேரும் நாலு வேலை செய்துகொண்டு வருவோம். பிறகு ஒரு வழக்கம் வைத்தோம்: கூட்டம் முடிந்த அன்றே ஒருவர் ஐந்து வரி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், யார் எதை எப்போது முடிப்பது என்று. யாருக்காவது காதில் வேறு மாதிரி விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு செய்தி. கால அட்டவணையில் 14 என்று போட்டுப் பக்கத்தில் சி.டி. என்றிருந்தால் வகுப்பு 14:15க்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்தில் முன்வரிசைக்குப் போய் உட்காருங்கள், பின்னால் எதிரொலிதான் வரும். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அது கைதட்டல், பதற வேண்டாம்.

பேராசிரியரைத் தனியாகப் பார்க்க ‘ஷ்ப்ரெக்ஷ்டுண்டே’ என்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பல இடங்களில் முன்பே மின்னஞ்சல் போட வேண்டும். என் பேச்சு வளர்ந்ததே அங்கேதான். பத்து நிமிடம், எதிரில் ஒரே ஆள், நாம் கொண்டுபோன கேள்வி. இதைவிட நல்ல பயிற்சி எங்கேயும் கிடைக்காது.

அமெரிக்கா, முனைவர் பட்ட மாணவி:

நான் டீச்சிங் அசிஸ்டன்ட். வெளிநாட்டிலிருந்து வந்து பாடம் நடத்துபவர்களின் பேச்சு ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டும் என்று 1980களிலிருந்து பல மாநிலங்கள் விதி வைத்திருக்கின்றன. எங்களுக்கும் சோதனை இருந்தது, பயிற்சி வகுப்பும் இருந்தது. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. எனக்கு அது கிடைத்த வரம்.

புள்ளியியல் ஆய்வக வகுப்பில் நான் ‘பேராமீட்டர்’ என்றேன். முன்வரிசை மாணவி “எந்த மீட்டர்?” என்று உண்மையாகவே கேட்டாள். எழுதிக் காட்டியதும் “ஓ, பராமிட்டர்” என்றாள், ‘ரா’வை மட்டும் அழுத்தி. எழுத்தெல்லாம் சரிதான், அழுத்தம் இடம் மாறிவிட்டது. தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கி நிற்கும், மற்றவை சுருங்கும். கேட்பவர்கள் அந்த ஓங்கிய அசையை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார்கள். ‘கம்போனன்ட்’டில் ‘போ’, ‘அனாலிசிஸ்’ஸில் ‘னா’. ‘டிட்டர்மைன்’ இல்லை, ‘டிட்டர்மின்’, அதில் ‘ட்டர்’ ஓங்கும். உச்சரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் கூடாது, நம் பேச்சு நம்முடையது. உங்கள் துறையில் தினம் புழங்கும் ஐம்பது சொல்லுக்கு அழுத்தம் எங்கே என்று அகராதியில் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். “சோ யூ ஆர் ஆஸ்கிங் வெதர்…” என்று கேள்வியை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். சரியாகக் கேட்டோமா என்று தெரியும், யோசிக்க நேரமும் கிடைக்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் உண்மையான வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் ஆசிரியர் அறைச் சந்திப்புகளையும் பதிவு செய்து எழுத்தாக்கியிருக்கிறது. மைகேஸ் என்று பெயர், சுமார் 18 லட்சம் சொற்கள். படித்துப் பாருங்கள். அங்கே பிறந்து வளர்ந்த பேராசிரியர்களே தடுமாறுகிறார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வேறு வாக்கியம் தொடங்குகிறார்கள். முழு வாக்கியமாகக் கோத்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று நாம் காத்திருக்கவே வேண்டாம்.

மெல்போர்ன், தாதியர் படிப்பு:

நான் யாழ்ப்பாணம். விரிவுரை எனக்கு விளங்கியது. வார்டுப் பயிற்சியில் ஷிஃப்ட் மாறும் நேரத்து ஹேண்டோவர், அதாவது நோயாளிகளின் விவரத்தை அடுத்து வருபவரிடம் சொல்லி ஒப்படைப்பது, அதுதான் விளங்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம், பாதிக்கு மேல் சுருக்கெழுத்துகள். கைகொடுத்தது ஐஸ்பார் ஒழுங்கு: நீ யார், இப்ப என்ன நிலைமை, பின்னணி, உன்னுடைய மதிப்பீடு, என்ன செய்ய வேண்டும். ஐந்து கட்டம் கீறிய தாளோடு நிற்பேன். கேட்பதை அந்தந்தக் கட்டத்தில் போடுவேன். வெறுமையாக இருக்கும் கட்டத்தைப் பார்த்து, “அலர்ஜி ஏதும் இருக்கா?” என்று கேட்பேன். அப்படிக் கேட்கப்போய்த்தான் கதைக்கவும் துணிவு வந்தது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் விளங்காமல் தலையாட்டக் கூடாது. யார் என்ன நினைத்தாலும் திரும்பக் கேளுங்கள்.

மதுரை, செப்டம்பரில் லீட்ஸ் போகிறேன்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் அண்ணா. டுடோரியலில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாமே. கல்லூரியில் எழுந்து நின்று பதில் சொல்லித்தான் பழக்கம். நடுவில் எப்படிப் புகுவது?

கிளாஸ்கோ, சிவில் முதுகலை:

தம்பி, சார் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று அங்கே காத்திருக்காதே, கூப்பிட மாட்டார். பேச்சில் இடைவெளி விழும் என்றும் காத்திருக்காதே. ஒருவர் மூச்சு விடும்போது அடுத்தவர் தொடங்கிவிடுவார். முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று சொல்லிவிடு, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நேரம் போகப் போக வாய் திறப்பது கஷ்டமாகிவிடும். நுழைய இரண்டு வாக்கியம் கைவசம் வை: “கேன் ஐ ஜஸ்ட் ஆட் சம்திங்?”, “கோயிங் பேக் டு வாட் யூ செட்”. முதலாவதைச் சொல்லும்போதே உடம்பை மேசைப் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் எல்லோரும் உன் பக்கம் திரும்புவார்கள். வாசிக்கச் சொன்ன கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி, நீ ஒத்துக்கொள்ளாத ஒரு இடம், இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போ.

படிப்பு நடக்கும்போதே பல்கலைக்கழகம் கூடுதல் ஆங்கில வகுப்பு நடத்தும், இன்செஷனல் என்பார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அதில் கருத்தரங்கப் பேச்சுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறதா என்று பார். இடம் குறைவாக இருக்கும், முதல் வாரத்திலேயே பதிந்துவிடு.