முகப் பயிற்சியால் கன்னத் தொய்வு குறையுமா?

கோவை சாந்தி:
வயது 46. கன்னம் லேசாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது, மூக்கோரக் கோடும் ஆழமாகத் தெரிகிறது. ஊசி, லேசர் எல்லாம் வேண்டாம் என்று இருக்கிறேன். ‘ஃபேஸ் யோகா’ ஆன்லைன் வகுப்பு ஒன்று, தினமும் 5 நிமிடம் போதும் என்கிறார்கள். பணம் கட்டிச் சேரலாமா?

வேலு:
பணத்தைப் பத்திரமாக வையுங்கள் மேடம். புருவ மத்தியில் கோடு விழுவதே அங்குள்ள தசை சுருங்கிச் சுருங்கித்தான். போடாக்ஸ் ஊசி அந்தத் தசையைச் சில மாதங்களுக்கு அசையவிடாமல் வைக்கிறது, கோடு மறைகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-ல் அனுமதி கொடுத்ததும் இதற்குத்தான். தசையை அடக்கினால் கோடு போகும் என்று தெரிந்தபிறகு, அதே தசைக்கு வேலை கொடுத்தால் கோடு போகும் என்றால் எப்படி?

யோகா மீனா:
வேலு சார், நெற்றியையும் கன்னத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சாந்தி கேட்டது கன்னத்தை. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக தோல் மருத்துவர்கள் செய்த ஆய்வு 2018-ல் ஜாமா டெர்மட்டாலஜி என்ற தோல் மருத்துவ இதழில் வந்தது. 40 முதல் 65 வயதுப் பெண்கள், 20 வாரம். முதல் 8 வாரம் தினமும் அரை மணி நேரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எந்தப் படம் முன்பு, எது பின்பு என்று தெரியாத மருத்துவர்கள் படங்களைப் பார்த்து மதிப்பிட்ட சராசரி வயது 50.8-லிருந்து 48.1-க்கு இறங்கியது. கன்னம் நிறைந்திருந்ததும் தெளிவாகவே தெரிந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேலு:
படித்திருக்கிறேன். மீதியையும் நானே சொல்கிறேன். சேர்ந்தவர்கள் 27 பேர், கடைசிவரை இருந்தவர்கள் 16. பயிற்சி செய்யாத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவே இல்லை. அந்தப் பயிற்சியை உருவாக்கியவரே கட்டுரையாசிரியர்களில் ஒருவர். இரண்டே முக்கால் வயது குறைந்ததற்குப் பயிற்சிதான் காரணமா, அந்த 20 வாரத்தில் உடம்பு எடை கொஞ்சம் ஏறியிருந்தாலும் கன்னம் நிறையாதா?

பிசியோ ராகவன்:
நான் பிசியோதெரபிஸ்ட். முகவாதம் வந்தவர்களைக் கண்ணாடி முன் உட்காரவைத்துப் புருவம் தூக்க, உதடு குவிக்கச் சொல்லிக்கொடுப்பது என் தினசரி வேலை. இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் சம அளவில் இல்லை.

கை, கால் தசைகள் பெரும்பாலும் ஒரு எலும்பில் தொடங்கி இன்னொரு எலும்பில் முடியும். முகத்தில் பல தசைகள் தோலிலேயே போய் முடிகின்றன. நம் முகம் இத்தனை உணர்ச்சி காட்டுவதே அதனால்தான். தசை எந்தத் திசையில் இழுக்கிறதோ அதற்குக் குறுக்காக மடிப்பு விழும். நெற்றித் தசை மேலும் கீழுமாக இழுக்கிறது, கோடு கிடையாக வருகிறது. ஆகவே நெற்றியைச் சுருக்கும் பயிற்சியை எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கன்னம் வேறு கணக்கு. வயதாக ஆக முக எலும்பு தேய்கிறது, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திட்டுகள் வற்றிக் கீழே இறங்குகின்றன. அடியில் உள்ள தசை கொஞ்சம் தடித்தால் வெற்றிடம் ஓரளவு நிரம்பலாம். ஆய்வு சிறியதுதான், ஆனால் நடக்க முடியாத விஷயம் என்று நான் ஒதுக்கமாட்டேன். தோல் தளர்ந்ததை, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் குறைந்ததை எந்தப் பயிற்சியும் திருப்பிக் கொண்டுவரும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

தஞ்சாவூரான்:
கன்னத்துக்கு வேலை கொடுப்பதில் நாதஸ்வர வித்வான்களை யார் மிஞ்ச முடியும்? அமெரிக்க ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி ட்ரம்பெட் ஊதி ஊதிக் கன்னம் பலூன் மாதிரி விரிந்தது உலகப் பிரசித்தம். இறுகவில்லையே, தளர்ந்தல்லவா போனது!

யோகா மீனா:
அண்ணா, உள்ளே காற்றை அடைத்துக் கன்னத்தை விரிப்பது வேறு, புன்னகைத்தபடி கன்னத் தசையை மேலே தூக்கிப் பிடிப்பது வேறு.

வேலு:
ரீல்ஸில் பாதிப் பேர் சொல்லிக்கொடுப்பது வாயில் காற்றை அடைத்து இடம் வலம் உருட்டத்தானே?

யோகா மீனா:
ரீல்ஸுக்கு நான் பொறுப்பில்லை சார். என் வகுப்பிலும் அது உண்டு, ஆனால் அதையே மணிக்கணக்காகச் செய்யச் சொல்வதில்லை.

கார்த்தி_21:
எனக்குத் தாடை ஷார்ப்பாக வேண்டும். சிலிக்கான் ஜாலைன் பந்து வாங்கித் தினமும் கடிக்கிறேன். சரிதானே ப்ரோ?

பிசியோ ராகவன்:
தம்பி, அதை நிறுத்துங்கள். அதில் வளர்வது மெல்லும் தசை, அது தடித்தால் முகம் கீழே அகலமாகத் தெரியும். காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் வலி வந்தால் லேசில் போகாது.

வேலு:
சாந்தி மேடம், செலவழித்தே ஆக வேண்டும் என்றால் சன்ஸ்கிரீனுக்குச் செலவழியுங்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் நாம்பூரில் 900-க்கு மேற்பட்டவர்களை வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள், 2013-ல் முடிவு வந்தது. தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. அங்கே ஒப்பிட இன்னொரு குழுவும் இருந்தது. 28 வருடம் வண்டி ஓட்டிய லாரி டிரைவர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது, தேடிப் பாருங்கள். வெயில் பட்ட ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் கிழவர் கன்னம்.

யோகா மீனா:
சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று யார் சொன்னது? அது இனி வரப்போவதைத் தடுக்கும். ஏற்கெனவே இறங்கிய கன்னத்தைத் தூக்குமா?

வேலு:
தூக்காது. நீங்கள் காட்டிய ஆய்வில் அரை மணி நேரம், விளம்பரத்தில் 5 நிமிடம். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

யோகா மீனா:
அது என் விளம்பரம் இல்லை. 5 நிமிடத்தில் பலன் வரும் என்று சொன்னால் நானும் நம்பமாட்டேன்.

கோவை சாந்தி:
எல்லோருக்கும் நன்றி. அந்த வகுப்பில் சேரவில்லை. கன்னப் பயிற்சி மட்டும் வீட்டில் செய்து பார்க்கிறேன், சன்ஸ்கிரீனும் வாங்குகிறேன். ராகவன் சார், வாயை அகலத் திறந்தால் எனக்கு ஒரு பக்கம் ‘டக்’ என்று சத்தம் வரும், வலி இல்லை. பரவாயில்லையா?

பிசியோ ராகவன்:
வலி இல்லாத சத்தம் பலருக்கும் இருப்பதுதான். ஆனாலும் வாயை அகலத் திறக்கும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். வலியோ, வாய் திறக்க முடியாமல் சிக்கிக்கொள்வதோ வந்தால் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் தொடருங்கள்.