டிரக் கோர்ட்: 'போதைப்பொருள் நீதிமன்றம்' பொருந்தாது, வேறு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

சட்டச் சொல்லடைவில் 'டிரக் கோர்ட்' என்பதற்கு எதிரே 'போதைப்பொருள் நீதிமன்றம்' என்று இருக்கிறது. இதை எடுத்துவிட வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கஞ்சா, ஹெராயின் கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றங்களைத்தான் நம் செய்தித்தாள்கள் 'போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றம்' என்று எழுதுகின்றன. சட்டம் 'வணிக அளவு' என்று வரையறுத்த அளவுக்குப் பிடிபட்டால் அங்கே குறைந்தது 10 ஆண்டு சிறை. டிரக் கோர்ட் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு.

முதல் டிரக் கோர்ட் 1989இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது. போதைப் பழக்கத்துக்கு அடிமையானவர் இசைந்து சேர்ந்தால் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை. பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். தொடக்கக் கட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே நீதிபதி முன் நிற்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை, எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், ஊழியர் கண்முன் சிறுநீர் மாதிரி எடுக்கப்படும். வழக்கை அழைக்குமுன் நீதிபதி, இருதரப்பு வழக்கறிஞர்கள், நன்னடத்தை அலுவலர், சிகிச்சையாளர் எல்லோரும் கூடி ஒவ்வொருவர் நிலையையும் பேசுவார்கள். இந்தக் கூட்டத்துக்கு 'முன்கலந்தாய்வு' என்ற சொல் போதும்.

என் பரிந்துரை: 'போதைமீட்பு நீதிமன்றம்'. 'போதை மறுவாழ்வு நீதிமன்றம்' என்றும் வைக்கலாம், கருத்துச் சொல்லுங்கள்.

'ரெசிடென்ஷியல் ட்ரீட்மென்ட்' என்பதற்கு 'உள்நோயாளிச் சிகிச்சை' வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் குளுக்கோஸ் பாட்டிலும்தான் நினைவுக்கு வரும். உடம்பிலிருந்து போதையை இறக்கும் முதல் சில நாட்களுக்கு அது சரி. அதன்பிறகு மாதக்கணக்கில் ஒரே வீட்டில் தங்கி, முறைவைத்துச் சமைத்து, பாத்திரம் கழுவி, தினமும் குழு அமர்வில் உட்கார்ந்து பேசுவது வேறு. 'உண்டு உறைவிடப் பள்ளி' எல்லோருக்கும் பழகிய சொல். எனவே 'உறைவிடச் சிகிச்சை'.

----

ஐயா, வணக்கம்.

> 'போதை மறுவாழ்வு நீதிமன்றம்' என்றும் வைக்கலாம்

வேண்டாம் ஐயா. தமிழ்நாட்டில் 2021 முதல் அகதி முகாம்களுக்கே 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். இலங்கையில் இதற்கு ஈடான 'புனர்வாழ்வு' இன்னும் கனமானது. 2009க்குப் பிறகு அந்தச் சொல் தடுத்து வைக்கப்பட்டவர்களின் நினைவோடு வருகிறது. போதைப்பொருள் விஷயத்திலும் போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், கந்தகாடு போதைப் புனர்வாழ்வு நிலையம் என்று கட்டாயத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. டிரக் கோர்ட்டில் சேர்பவர் கையெழுத்திட்டு இசைகிறார். அந்த இசைவை மறைக்கிற சொல்லை நாம் எடுக்கக் கூடாது. 'மீட்பு' நல்ல சொல்.

ஆனால் சிறைக்கு மாற்றாக உறைவிடச் சிகிச்சை தரும் எல்லாவற்றையும் 'நீதிமன்றம்' என்று எழுதிவிட முடியாது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1990இல் தொடங்கிய திட்டம் அரசு வழக்கறிஞர் அலுவலகம் நடத்தியது. அப்போது அந்த மாநிலத்தின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாம் முறை பெருங்குற்றத்தில் சிக்கியவருக்குச் சிறை கட்டாயமாக இருந்தது. நீதிபதிக்கு வேறு வழியிருக்கவில்லை. அரசு வழக்கறிஞர் இசைந்தால் மட்டுமே குற்றம் சாட்டப்பட்டவர் 15 முதல் 24 மாதம் உறைவிடச் சிகிச்சைக்குப் போக முடிந்தது. 1998இலிருந்து, சேருமுன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆனது. சிகிச்சையை முடித்தால் வழக்கு தள்ளுபடி. பாதியில் ஓடிவிட்டால் தேடிப் பிடிக்கத் தனிக் குழு இருந்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குற்றத்துக்குத் தண்டனை விழும்.

இங்கே 'தண்டனை நிறுத்திவைப்பு' என்று எழுதினால் பிழை. விதித்த தண்டனையை மேல்முறையீட்டின்போது நிறுத்திவைப்பதற்கு நம் வழக்கறிஞர்கள் பயன்படுத்தும் சொல் அது. இங்கே தண்டனை இன்னும் விதிக்கப்படவே இல்லை. 'தண்டனை விதிப்பு ஒத்திவைப்பு' என்று முழுதாகவே எழுதுவோம். 'சிறைமாற்று' என்ற சுருக்கமும் வேண்டாம், கைதியை வேறு சிறைக்கு மாற்றுவதாகப் படிப்பார்கள். 'சிறைக்கு மாற்று' என்று வேற்றுமை உருபோடு எழுதினால் குழப்பமில்லை.

----

அம்மா, நன்றி. 'இசைவு' பற்றிச் சொன்னதை விளக்கக் குறிப்பிலேயே சேர்க்கிறேன்.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறிய அளவு வழக்கில் குற்றவாளி எனக் காணப்பட்ட போதை அடிமையை, உடனே தண்டிக்காமல், அவர் இசைவோடு, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு வர வேண்டும். இடையில் நீதிபதி அவரைப் பார்ப்பதில்லை. ஆகவே அது 'சிகிச்சைக்கான விடுவிப்பு'. போதைமீட்பு நீதிமன்றம் ஆகாது.

இனி, மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். 'சாங்ஷன்' என்பதைத் 'தண்டனை' என்று எழுதுகிறார்கள். நீதிமன்றத்துக்கு வராதது, பொய் சொன்னது, மாதிரியில் தண்ணீர் கலந்தது போன்ற மீறல்களுக்குத் தரும் சிறு விளைவு அது: கூடுதல் வேலை, ஓரிரு நாள் காவல். 'கண்டிப்பு' என்று வைப்போம். அடிமைத்தனம் முற்றிய ஒருவர் மீண்டும் போதை எடுத்தால் முதலில் மாற்ற வேண்டியது சிகிச்சையைத்தான். அவரை உறைவிடத்துக்கு அனுப்புவதையே ஒரு 'கண்டிப்பு' ஆக்குவது பெரும் பிழை. தேவையில்லாதவர் படுக்கையை அடைத்துக்கொள்ள, தேவையுள்ளவர் இடம் கிடைக்காமல் சிறையில் காத்திருப்பார். இந்த வேறுபாடு சொல்லில் தெரியாவிட்டால் கையேட்டைப் படிக்கும் அலுவலருக்கும் தெரியாது.

'லாப்ஸ்', 'ரிலாப்ஸ்' இரண்டும் ஒன்றல்ல. ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்துவது 'சறுக்கல்'. பழைய பழக்கத்துக்கே திரும்புவது 'மீள்வீழ்ச்சி'. ஓபியம் வகைக்கு அடிமையாக இருந்தவருக்குச் சறுக்கலே உயிரைக் குடிக்கலாம். மாதக்கணக்கில் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. இந்தத் தாங்குதிறன் இழப்பு உறைவிடத்திலிருந்து வெளியேறிய முதல் சில வாரங்களில் மிகவும் ஆபத்தானது. மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் எடுப்பவரைப் 'போதை விடாதவர்' என்று எழுதுவதும் கூடாது. அவை சிகிச்சை மருந்துகள்.

'டைல்யூட் சாம்பிள்' என்பதற்கு 'நீர்த்த மாதிரி'. சிறுநீரில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அப்படிக் குறிப்பார்கள். அதுவே ஏமாற்றியதற்குச் சான்றாகிவிடாது, நிறையத் தண்ணீர் குடித்திருந்தாலும் அப்படி வரும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைச் சோதனையும் தவறு காட்டக்கூடியது என்பதால், அதன் முடிவை அவர் மறுத்தால் ஆய்வகத்தில் நிறைநிறமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையில் 'உறுதிச் சோதனை' செய்ய வேண்டும்.

திட்டத்தை வெற்றியோடு முடிப்பதைக் குறிக்கும் 'கிராஜுவேஷன்' மட்டும் மீதி. 'பட்டமளிப்பு' ஒட்டவில்லை. 'நிறைவு' என்றால், காலம் முடிந்ததும் கிடைப்பதுபோல் தொனிக்கிறது. குறைந்தது 90 நாள் போதையின்றி இருந்தால்தான் அது கிடைக்கும். 'தேறுதல்' என்று நினைக்கிறேன். நோயிலிருந்து தேறுவதும் தேர்வில் தேறுவதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. மறுப்பிருந்தால் எழுதுங்கள் அம்மா.