மின்காந்தவியலில் 'சி' வாங்குவதா, பாடத்திலிருந்து விலகுவதா?

கலிபோர்னியாவின் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு மாற விண்ணப்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், மின்காந்தவியல் ஆகிய மூன்று கடினமான பாடங்களையும் ஒன்றாக எடுத்ததில், கடைசிப் பாடத்தில் மட்டும் இரு தேர்வுகளில் 71, 68 என மதிப்பெண் பெற்று 'சி' தரத்தில் நிற்கிறேன். இதுவரை என் தரச் சராசரி 4-க்கு 3.8.

வாரந்தோறும் ஆசிரியரைச் சந்தித்தேன். மின்புலத்தைக் கண்டறிய உதவும் காஸ் விதிக் கணக்குகளில் சமச்சீரைச் சரியாகக் கண்டுபிடித்தும், தொகையீட்டின் எல்லைகளில் இன்னும் தவறுகிறேன். கல்லூரி ஆலோசகர்கள் இருவரும் நேரெதிராகச் சொன்னார்கள். எந்தக் கல்லூரிப் பாடம் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் எனக் காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் இது கட்டாயப் பாடமாக உள்ளது. 'சி' பெற்றால் மதிப்பெண்ணை உயர்த்த மீண்டும் எடுக்க இயலாது. விலகினால் மதிப்பெண் பட்டியலில் விலகலைக் குறிக்கும் 'டபிள்யூ' பதிவாகும், வசந்தப் பருவத்தில் முடித்தாக வேண்டும். விலகுவதற்கு இன்னும் ஒன்பது நாள்களே உள்ளன.

கடினமான பாடச்சுமையில் வந்த 'சி', பிறகு 'ஏ'யாகக்கூடிய ஒரு 'டபிள்யூ', இவற்றில் எது மாற்றுச் சேர்க்கையைக் குறைவாகப் பாதிக்கும்?