ஜுடிசியல் ரிவ்யூ: ‘மறு’வும் வேண்டாம், ‘மீள்’ என்பதும் வேண்டாம்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஒரு சட்டமோ அரசாணையோ அரசமைப்புக்கும் சட்டத்துக்கும் உட்பட்டதா என்று நீதிமன்றம் ஆய்வதுதான் ஜுடிசியல் ரிவ்யூ. அதற்குத் தமிழாக இந்த இழையில் இதுவரை நீதிப்புனராய்வு, நீதித்துறை மறுஆய்வு, நீதிமுறை மீளாய்வு என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தடை ஒன்றுதான். புனர், மறு, மீள் எல்லாமே ‘இன்னொரு தடவை’ என்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அண்ணன் மகள் போன வாரம் கேட்டாள்: “மறுபடியும் ஆய்வு என்றால், முதல் தடவை ஆய்ந்த நீதிமன்றம் எது சித்தப்பா?” நல்ல கேள்வி. அப்படி ஒரு நீதிமன்றம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

செண்பகம் துரைராஜன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த சென்னை மாகாண அரசாணை, அரசமைப்பு தரும் அடிப்படை உரிமைக்கு முரணானது, செல்லாது என்றது உயர் நீதிமன்றம். அதுதான் ஜுடிசியல் ரிவ்யூ. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது மேல்முறையீடு. 1951இல் அங்கும் அதே முடிவுதான். அதைத் தாண்டத்தான் அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இனி, உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பையே மீண்டும் பார்ப்பது அரசமைப்பின் 137ஆம் பிரிவின் வேலை. பத்திரிகைகள் அதைச் ‘சீராய்வு மனு’ என்றும் ‘மறுஆய்வு மனு’ என்றும் எழுதுகின்றன. அங்கே ‘மறு’ மிகப் பொருத்தம். அதே ‘மறு’வை இங்கேயும் ஒட்டினால் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

சரி, வேறு என்ன சொல்லலாம்? நண்பர் ஒருவர் ‘செல்லுமை ஆய்வு’ என்றார். ‘சட்டம் செல்லும், செல்லாது’ என்று நாம் பேசும் பேச்சிலிருந்தே பிறந்த சொல், காதுக்கும் இனிமை. இரண்டு நாள் அதோடு இருந்து பார்த்தேன். ஆனால் உயில் செல்லுமா, கிரயப் பத்திரம் செல்லுமா என்பதும் செல்லுமை ஆய்வுதான். மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் அன்றாடம் நடப்பது அது. நமக்கு வேண்டிய சொல், அதிகாரம் உள்ளவரைக் குறி வைக்க வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது வரம்பாய்வு. முதல் தடவை எழுதும்போது ‘நீதிவழி வரம்பாய்வு’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் வரம்பாய்வு என்றே விடலாம்.

நீதிமன்றம் இங்கே கேட்பது ஒரே கேள்வி: இதைச் செய்ய உனக்கு அதிகாரம் உண்டா, அதன் எல்லைக்குள் நின்றாயா? 1803இல் மார்பரி வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிபதி மார்ஷல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தைக் கேட்டது அதுதான். கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு என்றதும் அதுதான். அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் போட்டுவிட்டால் எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் தொட முடியாது என்ற நம்பிக்கை 2007இல் உடைந்தது. நம் நீலகிரிக் கூடலூரின் ஜன்மம் (பரம்பரை நிலவுரிமை) நிலச் சட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. பிரிட்டனில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது; ஆனாலும் 2019 செப்டம்பரில், அவையை ஒத்திவைக்கும்படி பிரதமர் அரசிக்குச் சொன்ன ஆலோசனை சட்டத்துக்குப் புறம்பானது என்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். சட்டமானாலும் ஆணையானாலும் ‘வரம்பாய்வு’ பொருந்துகிறது. வினையாகவும் ஓடுகிறது: ‘நீதிமன்றம் அந்த ஆணையை வரம்பாய்ந்தது’, ‘வரம்பாயத் தக்கதல்ல’.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு எனக்குத் தெரியும். வழக்கறிஞர்கள் ‘அதிகார வரம்பு’ என்றால் ஒரு நீதிமன்றம் எந்த ஊர், எந்த வகை வழக்குகளை விசாரிக்கலாம் என்பதைத்தான் நினைப்பார்கள். ‘நீதிமன்ற வரம்பாய்வு’ என்று எழுதினால் நீதிமன்றத்தின் வரம்பை ஆய்வதாகவே படும். அதற்காகத்தான் ‘நீதிவழி’ என்றேன். இதைவிட நல்ல முன்னொட்டு இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வழக்கில் ‘மீளாய்வு’ ஆழமாக வேரூன்றிவிட்டது, அறிவேன். ஆனால் 1978 அரசமைப்பின்படி இலங்கையில் நாடாளுமன்றச் சட்டம் நிறைவேறிய பின் அதை எதிர்த்து வழக்காட முடியாது. மசோதாவாக இருக்கும்போதே உயர் நீதிமன்றம் (நம் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானதன் பெயர் அங்கே அதுதான்) போக வேண்டும். இன்னும் சட்டமே ஆகாத ஒன்றை எப்படி ‘மீள’ ஆய்வது? ‘முன் வரம்பாய்வு’ என்றால் உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறதா, இல்லை உங்களிடமே இதைவிட நல்ல சொல் புழங்குகிறதா?