2 மெகாபிட் லைனில் 36 ஜிபி ஸ்கஸி டிஸ்க்: பிழை லைனிலா, கணக்கிலா?

தண்டையார்பேட்டைக் கணக்கர்:

வணக்கம். ராயபுரத்தில் உள்ள ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அலுவலகம் திருவொற்றியூருக்கு மாறுவதால், பழைய சர்வரில் உள்ள கணக்குகள் அனைத்தையும் அங்கே கொண்டுசேர்க்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் இடையே இ1 எனப்படும் 2 மெகாபிட் லீஸ்டு லைன் (எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி லைன்) ஒன்று இன்னும் இயங்குகிறது. சர்வரின் ஸ்கஸி (டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு பழைய முறை) டிஸ்கின் மேல் 36.4 ஜிபி என்றும், வேக வகையாக அல்ட்ரா160 என்றும் அச்சிட்டிருக்கிறது; விண்டோஸோ 33.9 ஜிபி என்று காட்டுகிறது. டிஸ்க் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. எங்கள் மேலாளர் 36.4 ஜிபியை 36,400 எம்பியாக்கி, அதை 2-ஆல் வகுத்து, 18,200 விநாடிகள், அதாவது ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார். நான் செய்து பார்த்த சோதனையில் ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபிகூட நகரவில்லை. பிழை லைனிலா, கணக்கிலா? டிஸ்கின் 160-க்கு ஈடாக எத்தனை இ1 வேண்டும் என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வியாசர்பாடி வன்பொருள்:

பிழை கணக்கில்தான் இருக்கிறது. லைனின் 2 என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட். டிஸ்கின் 160 என்பது விநாடிக்கு இத்தனை மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் ஆகும் என்பதை உங்கள் மேலாளர் விட்டுவிட்டார்.

33.9-ஐப் பார்த்துக் கலங்க வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதையே 1024-ஐ மும்முறை பெருக்கிய 107,37,41,824 பைட்டாக எண்ணுகிறது. 36.4-ஐ 1.0737-ஆல் வகுத்துப் பாருங்கள், 33.9 வரும்.

அல்ட்ரா160-இல் 16 பிட் அகலக் கேபிளில் ஒரே நேரத்தில் இரண்டு பைட் வீதம் விநாடிக்கு 8 கோடி முறை செல்லலாம். ஆனால் அது கேபிளின் உச்ச வேகம், அதில் தொங்கும் எல்லா டிஸ்குகளுக்கும் பொதுவானது. அந்தக் காலத்துத் தனி டிஸ்க் ஒன்று அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. லைனைப் பொறுத்தவரை, 2048 கிலோபிட் என்பது 1024-இன் இருமடங்கு என்பதால், அங்கும் கிலோவை 1024 என்றே வைத்துக் கணக்கிடுங்கள்.

ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிஷன்காரர்:

மேலே எழுதிய தம்பி டிஸ்கைப் பற்றிச் சொன்னது சரி. கடைசி வாக்கியம் மட்டும் தவறு. புதிதாக வேலைக்கு வந்த பலரும் இதே இடத்தில் வழுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இ1-இன் 2048 குரலிலிருந்து பிறந்த எண். தொலைபேசியில் ஒரு குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்கப்படுவதால், அதை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறோம்; எனவே ஒரு குரலுக்கு 64,000 பிட். அப்படிப்பட்ட 32 இடங்களை அடுக்கினால் 20,48,000 பிட் கிடைக்கிறது. இது 1024-இன் இருமடங்காகத் தோன்றுவது 32, 64 ஆகிய எண்களின் விளையாட்டே. தொலைத்தொடர்பில் கிலோ என்றால் எப்போதும் 1000தான். தம்பி சொன்னபடி செய்தால் 20,97,152 வரும், 2.4 விழுக்காடு கூடிவிடும். அமெரிக்காவில் இதே 64,000-ஐ 24 முறை அடுக்கி, ஒருங்கிணைப்புக்காக 8000 பிட் சேர்த்து, 1.544 மெகாபிட் டி1 ஆக்கினார்கள். அங்கே இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். 36.4 ஜிபி என்பது 29,120 கோடி பிட். அந்த 32 இடங்களில் முதல் இடம் ஒருங்கிணைப்புக்குப் போய்விடுவதால், தரவுக்கு 31 இடங்கள், அதாவது 1.984 மெகாபிட்தான் மிஞ்சும். வகுத்தால் 1,46,774 விநாடி. ஏறத்தாழ நாற்பதே முக்கால் மணி நேரம். தரவைச் சிறு பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்பும்போது ஒவ்வொன்றின் தலையிலும் சேரும் முகவரி முதலிய தலைப்புச் சுமை இதற்கு மேல் சில விழுக்காட்டைத் தின்னும். ஒரு மணி நேரத்தில் 893 எம்பிக்கு மேல் போகவே முடியாது என்பதால், உங்கள் லைன் நன்றாகவே இருக்கிறது.

160 மெகாபைட் என்பது 1280 மெகாபிட். 2.048-ஆல் வகுத்தால் 625 இ1, மிச்சமின்றி வகுபடுகிறது. 63 இ1-களை ஒன்றாகச் சுமக்கும் எஸ்டிஎம்-1 என்ற பெரிய லைன் என்றால் பத்து வேண்டும். ஆனால், தம்பி சொன்னதுபோல், கேபிள் உச்சத்தை லைனோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி அரை மணியில் திருவொற்றியூரில் இறங்கினால், அந்த ஆட்டோவின் வேகம் விநாடிக்கு 161 மெகாபிட்டுக்கு மேல். எஸ்டிஎம்-1-இன் 155.52 மெகாபிட்டை அது முந்திவிடுகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி ஒரு மணி நேரம் ஆனாலும் 80 மெகாபிட் தேறும்.

வியாசர்பாடி வன்பொருள்:

திருத்தத்துக்கு நன்றி ஐயா. எட்டால் வகுப்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதை நான் சேர்த்திருக்க வேண்டும். புதிய கணினியில் சாட்டா (ஸ்கஸியைப் போல டிஸ்கை இணைக்கும் இன்னொரு முறை) டிஸ்க் இருந்தால், அதன் முதல் தலைமுறையின் 1.5 ஜிகாபிட்டைப் பத்தால் வகுத்து 150 மெகாபைட் என்று கொள்ள வேண்டும். ஒவ்வொரு பைட்டையும் அது பத்து பிட்டாக மாற்றியே அனுப்புகிறது. பழைய மோடத்திலும் தொடக்க பிட், முடிவு பிட் சேர்ந்து பத்தாகும் என்பதால், 9600 பிட்டுக்கு 960 எழுத்துகளே வந்தன.

தண்டையார்பேட்டைக் கணக்கர்:

இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அச்சிட்டு மேலாளரின் மேசையில் வைத்தேன். ஆட்டோ பற்றிய பத்தியை அவர் இரண்டு முறை படித்தார். முழு நகலை டிஸ்கில் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறன்று நானே ஆட்டோவில் கொண்டுபோகிறேன். அன்றாடம் மாறும் கோப்புகள் 300 எம்பிக்குள் அடங்குவதால், அவற்றை மட்டும் இரவில் லைன் வழியே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டோம். 1.984-ஆல் வகுத்துப் பார்த்தேன், இருபது நிமிடம் வருகிறது. நேற்றிரவு இருபத்தொன்று ஆயிற்று.