வாட்ஸ்அப் நம்பர் கொடுக்காமல் பிரிண்ட்: ஜெராக்ஸ் கடையில் குயிக் ஷேர் வைத்த அனுபவம்

வீட்டில் போனிலிருந்து லேப்டாப்புக்கு ஃபைல் மாற்றுவதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் கடைப் பக்கத்து அனுபவத்தை, அதாவது ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் குயிக் ஷேர் என்ற ஃபைல் அனுப்பும் வசதியை ஜெராக்ஸ் கடையில் வைத்த கதையைச் சொல்கிறேன். எங்கள் அத்தானுக்குத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை. ஆதார், வருமானச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாம் இப்போது போனில்தான் வருகின்றன. சுவரில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், கடைக்காரர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து பிரிண்ட் போடுவார், எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான் நடைமுறை.

நான் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "அண்ணா, வாட்ஸ்அப்ல வேண்டாம், வேற வழி இருக்கா?" என்று கேட்டாள். "எல்லாரும் அனுப்புறாங்களேம்மா" என்றார் அத்தான். "என் நம்பர் வேற இடத்துல இருக்க வேண்டாம்னு பார்க்கிறேன்ணா" என்றாள். பென்டிரைவ் இல்லை. மெயிலைத் திறக்க வேண்டுமென்றால் கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பத்து ரூபாய் பிரிண்டுக்காக ஒரு பெண் தன் நம்பரையும் டிபியில் இருக்கும் முகத்தையும் முன்பின் தெரியாத கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது, நாமும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அன்றைக்குத்தான் இதற்கு ஒரு வழி செய்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பழைய கதை. ஃபைல் அனுப்பும் செயலிகளான ஷேர்இட், எக்ஸெண்டர் இரண்டும் ஒரு காலத்தில் எல்லார் போனிலும் இருந்தன. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இரண்டுமே இருந்தன. இன்னமும் ப்ளே ஸ்டோருக்கு வெளியே எங்கிருந்தோ ஏபிகே (செயலியை நிறுவும் ஃபைல்) இறக்கி அதையே வைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு 2020 ஆகஸ்டில் கூகுளே நியர்பை ஷேர் என்று இதே மாதிரி ஒரு வசதியைக் கொண்டுவந்தது. 2023-இல் விண்டோஸுக்கும் வந்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கின் குயிக் ஷேரோடு சேர்த்து, பெயரும் குயிக் ஷேர் ஆகிவிட்டது. ஆக, ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் எதையும் இறக்க வேண்டியதில்லை, ஷேர் பட்டனிலேயே இருக்கிறது.

கடையில் வைக்கும்போது இடித்த விஷயம் வேறு. டெஸ்க்டாப்பில் வைஃபையும் கிடையாது, ப்ளூடூத்தும் கிடையாது, ரவுட்டரிலிருந்து கேபிள் மட்டும்தான். வருபவர் போனோ மொபைல் டேட்டாவில் இருக்கும். இரண்டுக்கும் பொதுவான நெட்வொர்க்கே இல்லை. குயிக் ஷேர் ப்ளூடூத்தில் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, ஃபைலை வைஃபையில் நேராக அனுப்பிவிடும், அதற்கு ரவுட்டரோ இன்டர்நெட்டோ தேவையில்லை, ஆனால் ப்ளூடூத், வைஃபை இரண்டும் கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். அதனால் இரண்டும் சேர்ந்த ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கினோம். சிபியு மேஜைக்கு அடியில், அடாப்டர் அதன் பின்பக்கம், தகரப் பெட்டிக்கு மறைவில். போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு அடாப்டரை மேஜை மேலே, பிரிண்டர் பக்கத்தில் ஒட்டிய பிறகுதான் பட்டென்று தெரிந்தது. செயலியைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 இருக்க வேண்டும், விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடைகளுக்கு இது ஆகாது. கூகுள் கணக்கு போடாமலே பயன்படுத்தலாம், கடைக் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திறந்து வைத்தோம். ஒவ்வொரு தடவையும் ஏற்கவா என்று கேட்கும், இரண்டு திரையிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்து ஏற்றால் போதும். கம்ப்யூட்டர் பெயரைக் கடைப் பெயராக மாற்றியது சின்ன வேலைதான், ஆனால் ரொம்ப உதவியது. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் கூட்டத்தில் யார் யார் போனோ பட்டியலில் வரும். அதில் டெஸ்க்டாப் என்று ஆரம்பித்துக் கன்னாபின்னாவென்று ஒரு எண் இருந்தால், வருபவர் தன் ஆதாரை யாருக்கு அனுப்புவார் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, அனுப்புகிறவர் தன் போனை எல்லாருக்கும் தெரியும்படி திறக்க வேண்டியதே இல்லை. வாங்குகிற பக்கம் தெரிந்தால் போதும். நிறைய பேர் அவசரத்தில் போனையும் திறந்துவிடுகிறார்கள், கூட்டமான இடத்தில் அது தேவையில்லாத வேலை.

போட்டோ விஷயத்தில் பலன் கண்ணுக்கே தெரிந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும். போட்டோ எடுத்து அனுப்பிய ஆதார் கார்டில் எழுத்து ஓரமெல்லாம் கரைந்து, க்யூஆர் கட்டம் கலங்கி வரும். குயிக் ஷேரில் அனுப்பினால் போனில் இருக்கிற அதே ஃபைல் வருகிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடுபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

சரி, நம்பர் போகவில்லை, ஃபைல்? டவுன்லோட்ஸில் ஊரார் ஆதார் குவிந்து கிடந்தால் என்ன பயன்? விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, டவுன்லோட்ஸில் 1 நாளுக்கு மேல் திறக்காமல் கிடப்பதை அதுவே அழிக்கும்படி வைக்கலாம். அத்தானிடம் நான் கறாராகச் சொன்னது இதைத்தான். பிரிண்ட் எடுத்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே ஷிஃப்ட் டெலிட் அடிக்கிறார் இப்போது. அதையும் மீறி ஏதாவது தங்கினால் ஸ்டோரேஜ் சென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்கு என்றால் எனக்குப் பிடித்தது லோக்கல்சென்ட் என்ற ஃபைல் அனுப்பும் செயலி. இலவசம், கணக்கு வேண்டாம், ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று தெரியவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கென்று தனியாக வைப்பது) இருக்கிறீர்களா பாருங்கள், பெரும்பாலும் அதில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேச ரவுட்டர் விடாது. ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் ஓடினாலும் இதே கதிதான். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில் லோக்கல்சென்டுக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள், அது பயன்படுத்தும் போர்ட் (இணைப்பு வாசல்) எண் 53317. ஃபயர்வாலையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும்போது மறுத்திருந்தாலும் மற்றக் கருவிகள் அதில் தெரியாது.

கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் வேலை நிற்காது. ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டே போடலாம், ஃபைல் போனிலிருந்து லேப்டாப்புக்கு நேராகத்தான் போகிறது, டேட்டா பேக்கில் ஒன்றும் கழியாது. இதை நம்பாமல் 1 ஜிபி கல்யாண வீடியோவை ப்ளூடூத்தில் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த சித்தப்பா எனக்கு இருக்கிறார். அடுத்த வீடியோவை ஹாட்ஸ்பாட்டில் அனுப்பிக் காட்டினேன், சில நிமிஷத்தில் போய்விட்டது.

கடையில் இன்னும் தீராதது ஐபோன்தான். ஐபோனில் இருக்கும் ஃபைல் அனுப்பும் வசதியான ஏர்டிராப் விண்டோஸோடு பேசாது. 2025 நவம்பரில் பிக்சல் 10 போன்களில் குயிக் ஷேரும் ஏர்டிராப்பும் பேசிக்கொள்ள கூகுள் வழி செய்தது, ஆனால் அது போனுக்குத்தான். இப்போதைக்குக் கடைக் கம்ப்யூட்டரில் பேர்டிராப் என்ற, பிரவுசர் வழியாகவே ஃபைல் அனுப்பும் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்து, வருபவர் போன் பிரவுசரில் 6 இலக்க எண்ணைப் போட்டு இணைக்கச் சொல்கிறோம். வேலை செய்கிறது, ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கும்போது எண் அடித்து இணைப்பது நேரம் பிடிக்கிறது. வாசலில் நிற்பவரை ஆப் இறக்கச் சொல்லாமல், கடை வைஃபை பாஸ்வேர்டும் கொடுக்காமல், ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு இதைவிடச் சுலபமாக வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், அத்தான் தினமும் கேட்கிறார்.